நான்கு மணிக்குக் கல்லூரி வாசலில்

என் தங்கை மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கடலூரில் அரசுப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. பணக்கவலை இப்படிக் கழன்றுகொண்டதும், இத்தனை நாள் அதன் நிழலில் மறைந்திருந்த வேறொரு கேள்வி எனக்கு முன்னால் வந்து நின்றது: சேரப்போகும் கல்லூரியில் இருக்கும் மனிதர்களோடும் அவர்களுடைய பேச்சோடும் பழக்கத்தோடும் இவளால் நான்கு ஆண்டுகள் ஒத்துப்போக முடியுமா?

உறவினர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. கட்-ஆஃப் எவ்வளவு, ப்ளேஸ்மெண்ட் எப்படி, காலேஜ் பஸ் மஞ்சக்குப்பம் வழியாக வருமா என்பதோடு அவர்கள் விசாரணை முடிந்துவிடும். நான் கேட்பதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கல்லூரி ஒன்றின் விடுதியில் சேர்ந்தபோது நான் ஓயாமல் பேசும் பெண். அங்கே இரவு ஏழு மணிக்கு மேல் தாழ்வாரத்தில் பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. சீனியர்களை எங்கே பார்த்தாலும் நின்று ‘விஷ்’ செய்ய வேண்டும். மறந்தால் அன்றிரவு அவர்கள் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். படிப்பில் எந்தக் குறையும் இல்லை, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் மூன்றாண்டு கழித்து ஊர் திரும்பியவள், வாய் திறக்கும் முன் அக்கம்பக்கம் பார்க்கும் பெண்ணாக இருந்தாள் என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டியல் போடும்போதே எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் குறுக்கிட்டது. புதுச்சேரி இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. துணி எடுக்கவும் வைத்தியத்துக்கும் அங்கேதான் போகிறோம். ஆனாலும் அங்கே இடங்களைப் பிரித்துத் தரும் சென்டாக்கின் கணக்கில் நாங்கள் வெளிமாநிலத்தவர்; தமிழ்நாட்டின் 7.5 விழுக்காடும் அந்த எல்லையைத் தாண்டாது. ஆகவே புதுச்சேரியின் பிள்ளைச்சாவடியில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை ஓரமாக வைத்துவிட்டு, கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியை ஒட்டிய விழுப்புரம் மாவட்டப் பகுதியிலும் இருக்கும் கல்லூரிகளில் நான்கைக் குறித்துக்கொண்டோம். கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யக் கிடைப்பது சில நாட்கள்தான். அதற்குள் ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது நடக்காது என்பதால் முன்னதாகவே கிளம்பினோம்.

முதல் கல்லூரிக்கு அவர்கள் அழைத்த நாளிலேயே போய்விட்டேன்; அது தவறு. பன்னீர் தெளித்தார்கள், ஏசி அரங்கில் கல்ச்சுரல்ஸ் வீடியோ காட்டினார்கள், கோட்டு போட்ட மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பித்தாள். கல்யாண வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பம் தினமும் எப்படிச் சாப்பிடுகிறது என்று சொல்ல முடியுமா? அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை மாலை, யாரிடமும் சொல்லாமல், அதே கல்லூரியின் எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தோம்.

நான்கு மணிக்கு வகுப்பு விட்டது. மாணவிகள் ஒரு வாசல் வழியாகவும் மாணவர்கள் வேறொரு வாசல் வழியாகவும் வந்தார்கள். பேருந்துக்குள்ளும் முன்பாதி பின்பாதி என்று பிரிவினை இருந்தது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன், எத்தனையோ பெற்றோர்கள் அதை விரும்பித்தான் சேர்க்கிறார்கள். என்னை உறுத்தியது வேறு. அடையாள அட்டையைப் பைக்குள் வைத்திருந்த ஒரு பையனைக் காவலாளி “டேய், இங்க வாடா” என்று கூப்பிட்டதும், அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்த மூன்று பேரும் அவனைத் தெரியாதவர்கள்போல் நகர்ந்து போய்விட்டார்கள். ஒருவன் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் விலகிக்கொள்வது அங்கே பழகிப்போன காரியம் என்பதை எந்தக் கையேட்டிலும் போட மாட்டார்கள்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1996-இல் எங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளை வகுத்தது. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும் என்பதும் அதிலிருந்துதான். இன்று என் காலத்தைப்போல இரவில் யாரையும் நிற்க வைப்பது எளிதல்ல. ஆனால் கையெழுத்துப் போட்ட தாள் எல்லாக் கல்லூரியிலும் ஒன்றுதான். தாழ்வாரத்தில் சீனியர் எதிரே வரும்போது முதலாண்டுப் பிள்ளைகளின் தலை குனிகிறதா, கேன்டீனில் ஒரே ஊர்க்காரர்களும் ஒரே சாதிக்காரர்களும் தனித்தனி மேசையாக உட்கார்கிறார்களா என்பதையெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும்.

விடுதி விதிகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரு கல்லூரியில் மாணவிகள் ஆறு மணிக்கும் மாணவர்கள் ஒன்பது மணிக்கும் திரும்ப வேண்டும் என்று இருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் பாகுபாடான விடுதி விதிகள் வைக்கக் கூடாது என்று மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் சொல்கின்றன என்று வார்டனிடம் மெல்லச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பொண்ணப் பெத்தவங்க யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்கம்மா” என்றார்.

மாணவர்களிடம் “காலேஜ் நல்லா இருக்கா?” என்று கேட்பதில் பயனில்லை, “நல்லா இருக்கு ஆன்ட்டி” என்றுதான் பதில் வரும். “போன சனிக்கிழமை என்ன செய்தீர்கள்?” என்று கேட்கலாம். “முதல் செமஸ்டரில் தமிழ்வழியில் வந்தவர்கள் சந்தேகம் கேட்டால் வகுப்பில் சிரிப்பார்களா?” என்றும் கேட்கலாம். இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு கல்லூரியில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பதில் சொல்லவில்லை. அந்தப் பெயரை அன்றே அடித்துவிட்டேன்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது கல்லூரி. மைதானத்தில் பெண்கள் வாலிபால் ஆடினார்கள், மரத்தடியில் ஏதோ நாடக ஒத்திகை நடந்தது, ஒரு பேராசிரியரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நான் போயிருக்க வேண்டிய இடம் இதுதான் என்று தோன்றியது. தங்கை மகளோ அங்கே இருந்த ஒரு மணி நேரமும் என் முந்தானைப் பக்கமே நின்றாள்.

நான்காவது கல்லூரி சிறியது, சத்தமில்லாதது. நூலகத்தில் கூட்டம், மைதானத்தில் புல். அங்கேதான் அவள் முதன்முதலாகத் தானே வாய் திறந்து, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியிடம் கேட்டாள்: “அக்கா, இங்க தனியா உக்காந்து சாப்ட்டா யாராச்சும் ஏதாவது சொல்வாங்களா?”

அந்தப் பெண் சிரித்தாள். “ஃபர்ஸ்ட் இயர் பூரா நான் தனியாத்தான் சாப்ட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கல.”

திரும்பி வரும் பேருந்தில் அதைத்தான் நான் குறையாகச் சொன்னேன். ஓர் ஆண்டு முழுக்க ஒரு பெண் தனியாகச் சாப்பிட்டதை யாரும் கவனிக்கவில்லை என்றால் அது என்ன கல்லூரி என்றேன். அவள் சன்னல் பக்கம் பார்த்தபடி, “யாரும் ஒண்ணும் கேக்கல பெரியம்மா, அதான் எனக்குப் புடிச்சிருக்கு” என்றாள்.

விருப்பப் பட்டியலில் அவள் முதலாவதாகப் போட்டிருப்பது அந்தக் கல்லூரியைத்தான். நான் போட்டிருந்தால் மூன்றாவது கல்லூரி முதலில் வந்திருக்கும். தங்கை என்னிடம் கருத்துக் கேட்டாள்; படிக்கப்போவது அவள்தானே என்று மட்டும் சொன்னேன்.