கல்லூரி வளாகக் குற்றக் கணக்கு: மதுரையில் எடுப்பது எப்படி, எங்கே தவறும்

ஒரு கல்லூரியில் ஓர் ஆண்டில் எத்தனை குற்றம் நடந்தது என்று தேடினால், அந்தக் கணக்கு தனியாக எங்கும் இல்லை என்பதுதான் முதலில் தெரியவரும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை மாநகரம், மாவட்டம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அதிலும் ஒரு வழக்கில் பல பிரிவுகள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்று மட்டுமே எண்ணப்படும். அமெரிக்காவில் 1990இல் வந்த கிளெரி சட்டம், மத்திய நிதியுதவி பெறும் கல்லூரிகள் வளாகக் குற்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்கிறது. இங்கே நாம்தான் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும்.

முதலில் காவல் எல்லையைப் பாருங்கள். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கக் கல்லூரிகள் மாநகரக் காவல் ஆணையர் எல்லை. காமராசர் பல்கலைக்கழகம் இருக்கும் நாகமலை புதுக்கோட்டை மாவட்ட எஸ்.பி. எல்லை. தகவல் உரிமை மனுவை இரண்டு அலுவலகத்துக்கும் தனித்தனியே, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

மனுவின் வாசகத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "கல்லூரி வளாகத்தில் நடந்த குற்றங்கள் எத்தனை" என்று கேட்டால், "அவ்வாறு தொகுக்கப்படவில்லை" என்ற ஒரு வரி வரும். இல்லாத தொகுப்பை உருவாக்கித் தரும் கடமை அவர்களுக்கு இல்லை. குறிப்பிட்ட காவல் நிலையத்தின் எஃப்.ஐ.ஆர். எண், தேதி, சட்டப்பிரிவு, சம்பவ இடம், இந்த நான்கை மட்டும் கேளுங்கள். சம்பவ இடம் என்ற கட்டத்தில் காவல் நிலையத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று இருக்கும். முகவரியில் கல்லூரிப் பெயருக்குப் பதில் சாலைப் பெயரோ பஸ் ஸ்டாப்போ இருக்கலாம். பெயரைத் தேடி எண்ணினால் பாதி தவறும். வரைபடத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். வாசலுக்கு வெளியே இருக்கும் டீக்கடையும் தனியார் விடுதியும் கணக்கில் வருமா என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் எல்லாம் குழம்பும்.

ஆன்லைனில் எஃப்.ஐ.ஆர். பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி பாலியல் குற்றம் போன்றவற்றின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற்றப்படுவதில்லை. அங்கே ஒன்றும் இல்லாததை வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

எண்ணிக்கை எப்படிக் கோணுகிறது என்பதை இரண்டு பொருளில் பார்க்கலாம். வண்டி ஸ்டாண்டில் பைக் போனால் அநேகமாக எஃப்.ஐ.ஆர். ஆகிவிடும், ஏனென்றால் காப்பீட்டுத் தொகைக்கு அது வேண்டும்; பிறகு வண்டி கிடைக்கவில்லை என்ற சான்றும் வேண்டும். ஹாஸ்டல் அறையில் சார்ஜ் போட்டிருந்த போன் போனால் கதை வேறு. புது சிம் வாங்கவும், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கவும் ஒரு புகார் நகல் போதும். அதனால் "தொலைந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்து ரசீதோடு மாணவர் திரும்பிவிடுவார். வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றது எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கையில் வராது. ஆகவே பைக் திருட்டு அதிகம், போன் திருட்டு குறைவு என்று தெரிந்தால், எதற்குக் காகிதம் தேவைப்பட்டது என்பதைத்தான் அது காட்டுகிறது.

புதிய குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முன்னும் பின்னும் ஒப்பிடுபவர்கள் பிரிவு எண்களுக்கு ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்: திருட்டு அப்போது இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 379, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 303(2). காயப்படுத்துதல் 323, இப்போது 115(2).

அடுத்து கல்லூரியின் உள் பதிவேடுகள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படியான உள் புகார்க் குழுவின் ஆண்டறிக்கையில் வந்த புகார், முடித்தவை, 90 நாளைத் தாண்டி நிலுவையில் உள்ளவை எல்லாம் இருக்க வேண்டும். அது காலண்டர் ஆண்டு. கல்லூரியின் மற்ற பதிவேடுகள் கல்வியாண்டு. எல்லாவற்றையும் மாதவாரியாகப் பிரித்த பிறகே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பெயரில்லாத கணக்கெடுப்பு இல்லாமல் இந்த வேலை முழுமையாகாது. "உங்களுக்குக் குற்றம் நடந்ததா" என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். "கேட்காமல் உங்கள் பொருளை யாராவது எடுத்தார்களா", "வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்ந்தார்களா" என்று நடந்ததைக் கேளுங்கள். காலமும் வழுக்கும், போன வருடச் சம்பவத்தை இந்த வருடத்தில் சொல்வார்கள். "கடந்த ஆறு மாதம்" என்பதைவிட "அழகர் ஆற்றில் இறங்கியதற்கு அப்புறமா" என்று கேட்டால் மதுரைப் பிள்ளைகளுக்கு நாள் சரியாக நினைவுக்கு வருகிறது. முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரியில் சேர்ந்த நாளையே தொடக்கமாக வையுங்கள்.

அவர்களில் 17 வயதினர் இருப்பார்கள். 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரியவந்த பாலியல் குற்றத்தைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கேள்வித்தாளை அடிக்கும் முன்பே இதை வழக்கறிஞரிடம் பேசி முடிவெடுங்கள். தாளின் கீழே 181 (பெண்கள்), 1098 (குழந்தைகள்), 1930 (இணையக் குற்றம்) உதவி எண்களைக் கட்டாயம் போடுங்கள்.

வெளியிடும்போது எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆர்., உள் குழு, கணக்கெடுப்பு நான்கையும் தனித்தனிப் பத்தியில் காட்டுங்கள், கூட்டாதீர்கள். ஒரே சம்பவம் மூன்று இடத்தில் இருக்கலாம். சிறிய துறையில் ஒன்றிரண்டு என்று போட்டால் ஆள் தெரிந்துவிடும் என்பதால் ஐந்துக்குக் கீழ் உள்ளதை "5க்குக் குறைவு" என்றே எழுதுங்கள். உள் குழுப் பத்தியில் பூஜ்யம் வந்தால், குழு கடைசியாகக் கூடிய தேதியையும், உறுப்பினர் பெயர்ப் பலகை எந்தச் சுவரில் இருக்கிறது என்பதையும் அதே வரியில் சேர்த்துப் போடுங்கள்.