பதினோரு ஆட்டங்களுக்கு மூன்று பையன்கள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்கக் காந்தப் பலகை. அதில் விரல் நீளப் பட்டைகளில் ஆட்டக்காரர்களின் பெயர்கள். மேலே முதல் அணி, அதன் கீழே டிரிபிள்-ஏ, டபுள்-ஏ என்று படிப்படியாக இறங்கி, கடைசி வரிசையில் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்தப் பட்டைகளை அச்செடுத்து, வெட்டி, ஒட்டியவன் நான். புள்ளியியலில் முதுகலை முடித்துவிட்டு, அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு பேஸ்பால் அணியின் நிர்வாக அலுவலகத்தில் கணக்குப் பார்க்க வந்தவனுக்கு அது சற்று ஏமாற்றமாகவே இருந்தது. பேஸ்பால் மட்டையை நான் தொட்டதுகூட இல்லை. ஊரில் கிரிக்கெட் ஆடும்போதும் என்னை ஸ்கோர் எழுதத்தான் கூப்பிடுவார்கள்.

ஜூலை கடைசி வாரத்தில் அந்தப் பட்டைகள் இடம் மாறத் தொடங்கும்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது ஏலமே இல்லை. பெரும்பாலும் ஆளுக்கு ஆள், சுத்தமான பண்டமாற்று. ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள் ஆடும் லீக் இது. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து ஆறு வீசிவிட்டு, அடுத்த நான்கு நாள் தோளுக்கு ஓய்வு கொடுப்பார். அப்படி ஐந்து பேர் சுற்றுமுறையில் வர வேண்டும். ஜூலை முடியும்போது முன்னணியில் இருக்கும் அணி ஒன்றுக்கு அந்த ஐவரில் ஒருவர் குறைகிறார் என்று வையுங்கள். கடைசி இடத்தில் கிடக்கும் இன்னொரு அணியிடம் நல்ல பிட்சர் இருக்கிறார்; அவருடைய ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிகிறது, இலையுதிர் காலத்தில் எப்படியும் போய்விடுவார். அவர்கள் அவரைக் கொடுத்துவிட்டு, நம்முடைய கீழ்நிலை அணிகளில் வளரும் பையன்களைக் கேட்பார்கள்.

இதற்குக் கெடு நாள் உண்டு. 1985 வரை அது ஜூன் 15. அடுத்த ஆண்டிலிருந்து ஜூலை 31 ஆனது; இப்போது அதையொட்டிய ஒரு நாள். ஆகஸ்டிலும் ஆள் மாற்ற ஒரு கொல்லைப்புற வழி இருந்தது, அதையும் 2019-இல் அடைத்துவிட்டார்கள். 2022-இலிருந்து பன்னிரண்டு அணிகள் இறுதிச் சுற்றுகளுக்குப் போகலாம் என்றானதால், பாதி வெற்றி பாதி தோல்வி என்று தத்தளிக்கும் அணிகூடத் தனக்கும் வழி இருக்கிறது என்று நம்புகிறது. கொடுப்பவர்கள் குறைந்து, கேட்பவர்கள் கூடினால் என்ன ஆகும் என்பதைக் கோயம்பேட்டில் காய்கறி வாங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கெடு நாளில் வந்து சேரும் பிட்சருக்கு மிச்சமிருப்பது இரண்டே மாதம். ஐந்து நாளுக்கு ஒருமுறை என்று கணக்குப் போட்டால் சுமார் பதினோரு ஆட்டம். 1998-இல் ஹூஸ்டனுக்கு வந்த ராண்டி ஜான்சனுக்குக் கிடைத்தது பதினொன்று. 2015-இல் டொராண்டோவுக்கு வந்த டேவிட் பிரைஸுக்கும் பதினொன்று. இந்தப் பதினோரு ஆட்டங்களுக்காகத்தான் இத்தனை தொலைபேசி அழைப்புகளும் தூக்கம் கெட்ட இரவுகளும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களைப் பயமுறுத்துவதற்கென்றே ஒரு கதை உண்டு. 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி, அட்லாண்டாவிடமிருந்து டாயில் அலெக்சாண்டர் என்ற 36 வயதுப் பிட்சரை வாங்கிக்கொண்டு, ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயதுப் பையனைக் கொடுத்தது. அலெக்சாண்டர் ஆடிய பதினோரு ஆட்டங்களில் ஒன்பது வெற்றி அவர் கணக்கில் சேர்ந்தது, தோல்வி ஒன்றுகூட இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.53. டெட்ராய்ட் தன் பிரிவில் டொராண்டோவை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முந்தியது. அடுத்த சுற்றில் மின்னசோட்டாவிடம் தோற்று வீடு திரும்பியது. ஸ்மோல்ட்ஸோ அட்லாண்டாவில் 210 வெற்றிகள் குவித்து, 1996-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கி, 2015-இல் இந்த ஆட்டத்தின் மாமேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். போதாக்குறைக்கு அவர் மிச்சிகன் மாநிலத்துப் பிள்ளை. டெட்ராய்ட்டின் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்.

வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் கதையை எனக்குச் சொல்லாதவர் இல்லை. சொன்ன ஒவ்வொருவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் டெட்ராய்ட் பக்கம்தான். அந்த ஆண்டு டபுள்-ஏ அணியில் ஸ்மோல்ட்ஸின் கணக்கு நான்கு வெற்றி, பத்துத் தோல்வி, சராசரி 5.68. நான் போடும் அட்டவணையாக இருந்தால் அவர் பெயர் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கும். அந்த வயதான பிட்சர் வராமல் அந்த இரண்டு ஆட்ட வித்தியாசம் வந்திருக்குமா? அதன்பிறகு டெட்ராய்ட் மீண்டும் இறுதிச் சுற்றுகளைப் பார்க்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்தொன்பது ஆண்டு வறட்சிக்கு முன் கிடைத்த ஒரே நல்ல மழையை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

வளரும் ஆட்டக்காரர்களின் அமைப்பை இங்கே பண்ணை என்கிறார்கள். தொலைபேசியில் அப்பாவிடம் இதை விளக்கியபோது, “விதைநெல்லை எடுத்துப் பொங்கிச் சாப்பிடுகிறீர்கள், அவ்வளவுதானே?” என்றார். தஞ்சாவூர்க்காரர் வேறு எப்படிச் சொல்வார்! ஆனால் விதைநெல் பெரும்பாலும் முளைத்துவிடும். இந்தப் பண்ணையில் பெரும்பாலானவர்கள் முதல் அணியின் புல்லை ஒருநாள்கூட மிதிப்பதில்லை. எது முளைக்கும், எது பதராகும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

எப்படிச் சொல்வேன்? ஊர் ஊராக அலைந்து ஆட்டம் பார்க்கும் ஸ்கவுட்டுகள் ஒவ்வொரு பையனுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் முதல் தர லீக்கின் சராசரி. அதோடு பந்தின் வேகம், சுழற்சி, வயது, ஆடும் நிலை எல்லாவற்றையும் சேர்த்து, அவன் எத்தனை வெற்றிகளுக்குத் துணையாவான் என்று கணிப்பேன். முதல் அணியில் ஆறு ஆண்டு ஆடிய பிறகுதான் ஒருவர் விருப்பம்போல் வேறு அணிக்குப் போக முடியும். அந்த ஆறு ஆண்டில் அவன் தரக்கூடியதையும் அவனுக்குத் தர வேண்டியதையும் கழித்துப் பார்த்தால் ஒரு தொகை வரும். பிட்சர் என்றால் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைப்போம். முழங்கையை நம்ப முடியாது.

அலுவலகத்தில் எவரும் உரக்கச் சொல்லாத ஒன்றை நான் அங்கே கற்றுக்கொண்டேன். பண்டமாற்றில் முதல் பெயரைப் பற்றித்தான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அவனைக் கொடுப்பதா வேண்டாமா என்று மூன்று வாரம் சண்டை நடக்கும். மூன்றாவது பெயர் கடைசி அரை மணி நேரத்தில், பசியோடு, எப்படியாவது முடிந்தால் சரி என்ற மனநிலையில் முடிவாகும். 2008-இல் மில்வாக்கி அணி சிசி சபாத்தியாவை வாங்கியபோது கிளீவ்லாந்து பெற்ற முதல் பெயர் மாட் லாபோர்ட்டா. அவர் சோபிக்கவில்லை. பின்னர் அறிவிக்கப்படும் என்று காலியாக விட்டிருந்த இடத்தில் வந்த மைக்கேல் பிராண்ட்லிதான் ஐந்து முறை ஆல்-ஸ்டார் ஆனார், அதாவது அந்தந்த ஆண்டின் நட்சத்திர ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்வானார். மில்வாக்கிக்கும் குறையில்லை, 1982-க்குப் பிறகு முதல் தடவையாக இறுதிச் சுற்றுக்குப் போனது.

இனி எங்கள் மூன்றாவது பெயருக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு மே மாதம் டபுள்-ஏ அணிக்கு அதிவேகக் கேமராக்கள் பொருத்த என்னை ஒரு வாரம் அனுப்பினார்கள். பிட்சரின் விரல் நுனியை விட்டுப் பந்து பிரியும் கணத்தை அந்தக் கேமரா துண்டு துண்டாகக் காட்டும். மற்ற ஆட்டக்காரர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் மட்டும் தினமும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். டொமினிக்கன் குடியரசுக்காரன், 21 வயது, பதினாறில் ஒப்பந்தம் போட்டு வந்தவன். என்னை “ப்ரோஃபே” என்று கூப்பிடுவான். அவர்கள் ஊரில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். “ப்ரோஃபே, என் ஸ்லைடரின் எண் இன்று எவ்வளவு?” என்பதுதான் அவனுடைய காலை வணக்கம். ஸ்லைடர் என்பது பக்கவாட்டில் விலகிப் போகும் ஒரு வகைப் பந்து. என் ஸ்பானிஷும் அவன் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்ததால் நிறையப் பேசினோம். நடுவிரலை எங்கே வைத்தால் பந்து எப்படி விலகுகிறது என்று இரண்டு பேருமாகக் கண்டுபிடித்தோம்.

ஜூனில் புதிய தரவுகளைப் போட்டுப் பார்த்தபோது கணிப்பு அவனுக்கு 45 கொடுத்தது. முன்பு 40. எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. இவனைப் பிடித்துப்போனதால்தான் தூக்கிவிடுகிறேனோ? நான்கு வார ஆட்டங்கள் போதாது, மாதிரி சிறியது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டு, எண்ணை மீண்டும் 40-க்கு இறக்கினேன். நேர்மையாக இருந்துவிட்ட நிம்மதி அன்று எனக்கு. வேறு எந்தப் பையன் விஷயத்திலும் நான் அவ்வளவு கறாராக இருந்ததில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கெடு நாள். கிழக்கு நேரம் மாலை ஆறு மணி, எங்களுக்கு ஐந்து. நாலரைக்கு இரண்டு பெயர்கள் முடிவாகிவிட்டன. மூன்றாவதாக எதிர்த்தரப்பு ஒரு சின்னப் பட்டியல் அனுப்பியது: இந்த மூவரில் யாரையாவது கொடுங்கள். பொது மேலாளர் தொலைபேசியை மார்பில் அழுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “யார் போனால் நமக்கு வலி குறைவு?”

பட்டியலில் இரண்டாவதாக அவன் பெயர். என் தாளில் மூவரிலும் அவன் எண்தான் குறைவு. அதோடு, நவம்பருக்குள் அவனை நாற்பது பேர் கொண்ட பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்காவிட்டால், ரூல் 5 தேர்வில் வேறு எந்த அணியும் அவனை எடுத்துக்கொண்டு போகலாம். பட்டியலில் இடமும் இல்லை. எல்லாக் காரணமும் ஒரே பக்கம் நின்றது. பெயரைச் சொன்னேன். 45 வந்த கதையைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அவர் தலையசைத்துவிட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்தார். முழுதாக ஏழு நிமிடம் ஆகியிருக்காது. யாரோ பீட்சா பெட்டியைத் திறந்தார்கள். நான் எழுந்துபோய் மூன்று பட்டைகளைப் பலகையிலிருந்து கழற்றினேன். அதுவும் என் வேலைதான்.

பையன்களுக்குத் தகவல் சொல்வது எங்கள் வேலையில்லை. கீழ்நிலை அணியின் மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்வார். சில சமயம் அதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். 2015 ஜூலையில் நியூயார்க் மெட்ஸ் அணியின் வில்மர் ஃப்ளோரஸுக்கு அவர் மாற்றப்பட்டுவிட்டார் என்பதைப் பார்வையாளர்கள் சொன்னார்கள், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே. பதினாறு வயதில் அந்த அணிக்கு வந்தவர் களத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாடே பார்த்தது. பிறகு அந்த மாற்றமே நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து பன்னிரண்டாவது இன்னிங்ஸில் பந்தைக் கூட்டத்துக்குள் அடித்து அதே அணியை வெல்லவைத்தார். 2017-இல் டெட்ராய்ட் ஜஸ்டின் வெர்லாண்டரை ஹூஸ்டனுக்கு அனுப்பியபோது, வேண்டாம் என்று தடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அவர் சம்மதித்து, நள்ளிரவுக் கெடுவுக்குச் சில விநாடிகள் இருக்கும்போது காரியம் முடிந்தது. பதிலுக்குப் போன மூன்று இளைஞர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கும் வழக்கமே இல்லை.

நாங்கள் வாங்கிய பிட்சர் நன்றாகவே வீசினார். பத்து ஆட்டம், ஒன்று மழையில் போயிற்று. ஆனாலும் இரண்டு ஆட்டக் குறைவில் வாய்ப்பைத் தவறவிட்டோம். அக்டோபரில் அவர் எல்லாரிடமும் கைகுலுக்கிவிட்டுப் போய், வேறு அணியில் பெரிய தொகைக்குச் சேர்ந்தார். நாங்கள் கொடுத்த முதல் பெயர், மூன்று வாரம் சண்டை போட்டோமே அவன், அடுத்த ஆண்டே முழங்கை அறுவைக்குப் போனான். இரண்டாமவன் இன்னும் டிரிபிள்-ஏயில் இருக்கிறான். யார் வென்றார்கள் என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். டெட்ராய்ட்டுக்காக அவ்வளவு வாதாடியவன் இதற்கு மட்டும் பதில் சொல்லாமல் நழுவுகிறேன்.

மறு ஆண்டு மார்ச்சில் வசந்தகாலப் பயிற்சிக்காக அரிசோனா போயிருந்தேன். ஃபீனிக்ஸைச் சுற்றிப் பதினைந்து அணிகள் முகாமிட்டிருக்கும் காலம் அது. பக்கத்து ஊர் மைதானத்தின் பின்புறம், வேலிக்கு அந்தப் பக்கம், புதிய அணியின் தொப்பியோடு அவன். “ப்ரோஃபே!” என்று கத்தினான். ஆங்கிலம் நன்றாகத் தேறியிருந்தது. ஸ்லைடர் எண்ணைச் சொல்வான் என்று நினைத்தேன். அவன் கம்பி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு வேறொன்றைக் கேட்டான்.

“அவர்கள் என்னைக் கேட்டார்களா? இல்லை, நீங்களாகக் கொடுத்தீர்களா?”

நாலரை மணியும், தொலைபேசியை மார்பில் அழுத்திய கையும், தாளில் இருந்த 40-உம் நினைவுக்கு வந்தன. அந்தச் சின்னப் பட்டியலை அனுப்பியவர்கள் அவர்கள்தான். அதில் அவன் பெயர் இருந்ததும் உண்மைதான்.

“கேட்டார்கள்” என்றேன்.

“பெயர் சொல்லியா?”

“பெயர் சொல்லி.”

அவன் வலையை இரண்டு தட்டு தட்டிவிட்டு, பந்து வீசும் மேட்டை நோக்கி ஓடினான்.