தெளிவற்ற தேவைகளும் ஸ்க்ரம் பரீட்சையும்: ஓர் அனுபவ வழிகாட்டல்

ஸ்க்ரம் என்பது அணிகள் குறுகிய கட்டங்களாக வேலை செய்யும் ஒரு முறை; அதில் உள்ள அறிவைச் சோதிக்கும் பிஎஸ்எம் 1 (Professional Scrum Master I) பரீட்சையில் 60 நிமிடங்களுக்குள் 80 வினாக்களுக்கு விடையளித்து 85 சதவீதம் பெற வேண்டும். வினாவொன்றுக்குச் சராசரியாக 45 வினாடிகளே கிடைப்பதால், வாடிக்கையாளரின் தேவை தெளிவில்லாதபோது அணி என்ன செய்ய வேண்டும் எனக் கேட்கும் வினாக்களை முன்கூட்டியே ஆழமாக விளங்கியிருப்பது அவசியம். எனக்கு அவ்விளக்கத்தைத் தந்தது, சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவு மென்பொருள் செய்த வேலையே.

"கழிவைக் கணினியே பார்த்துக்கொள்ள வேணும்" என்றார் ஆலை உரிமையாளர்; கழிவு என்றது நெல்லின் நிறையில் குறைக்கும் அளவை. கழிப்பது ஈரப்பதனுக்கா, பதருக்கா, சாக்கின் நிறைக்கா? ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால் மூடைக்கு எத்தனை கிலோ? மானி காட்டும் அளவை முகாமையாளர் மாற்றலாமா? கழித்த நிறை விவசாயியின் பற்றுச்சீட்டில் தெரியுமா? கடைசிக் கேள்வியை நான் மிக முக்கியமாகக் கருதினேன். தன் நெல்லில் எவ்வளவு, எதற்காகக் குறைக்கப்பட்டது என்பதை அறியும் உரிமை விளைவித்தவருக்கு உண்டு.

இவற்றைப் பொதுவாகக் கேட்டபோது "அது நெல்லைப் பொறுத்தது" என்ற பதிலே கிடைத்தது. முந்தைய பெரும்போகத்தின் பழைய பற்றுச்சீட்டுகளை மேசையில் வைத்து, "இந்த நெல்லுக்கு ஏன் இவ்வளவு கழித்தீர்கள்?" என ஒவ்வொன்றாகக் கேட்ட பின்னரே, அவர் மனத்தில் இருந்த விதிகள் வெளிவந்தன. அவ்விடைகளையே ஏற்பு நிபந்தனைகளாக, அதாவது வேலை சரியாக முடிந்ததென ஏற்பதற்கான நிபந்தனைகளாக, எழுதினோம். நடந்த ஒன்றைக் காட்டிக் கேட்பதைவிடச் சிறந்த வழியை நான் இதுவரை காணவில்லை.

பரீட்சையும் இதே உரையாடலைத்தான் எதிர்பார்க்கிறது. ஸ்க்ரமின் விதிகளைக் கூறும் 2020ஆம் ஆண்டு ஸ்க்ரம் வழிகாட்டியின்படி, ஸ்பிரிண்ட் எனும் குறுகிய வேலைக் கட்டம் நடக்கும்போதே, மேலும் அறியவரும் விடயங்களுக்கு ஏற்ப, வேலையின் எல்லையை புராடக்ட் ஓனருடன் (எந்த வேலைக்கு முன்னுரிமை என முடிவெடுப்பவர்) பேசித் தெளிவுபடுத்தவும் மீள இணங்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் ஸ்பிரிண்ட் இலக்கிற்கு ஆபத்து விளைவிக்கும் மாற்றங்களைச் செய்யக்கூடாது. ஆகவே, தேவைகள் யாவும் ஆவணமாகும்வரை காத்திருத்தல், ஸ்க்ரம் முறையைப் பின்பற்ற அணிக்கு உதவும் ஸ்க்ரம் மாஸ்டரே முடிவெடுத்தல் போன்ற விடைகளை விலக்கிவிடலாம்.

யூசர் ஸ்டோரி (பயனரின் பார்வையில் எழுதும் சிறு தேவைக் குறிப்பு), டெபினிஷன் ஒஃப் ரெடி (ஒரு வேலையைத் தொடங்கத் தயார் எனக் கொள்வதற்கான நிபந்தனைகள்) ஆகியவை பயனுள்ளவையாயினும் அவ்வழிகாட்டியில் இல்லை என்பதால், அவற்றைக் கட்டாயமெனக் கூறும் விடைகளிலும் கவனம் தேவை. இலவசமாகக் கிடைக்கும் ஸ்க்ரம் ஓப்பன் பயிற்சியில் பிழைக்கும் ஒவ்வொரு வினாவுக்கும், வழிகாட்டியில் உரிய வரியைத் தேடி வாசித்த பின்னரே அடுத்த பயிற்சிக்குச் செல்லுங்கள்.