பெரியம்மாவின் மகனும் என் தயிர்ச் சட்டியும்

ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சை ரிசல்ட் வந்த அன்று, ஏ.எல். உயர்தரத்துக்குப் பயோ செய்யப்போகிறேன் என்று சொன்னேன். ஏன் என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. பெரியம்மாவின் மகன் அதற்கு முந்தின வருஷம்தான் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருந்தார், மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கை முழுக்க அதே கதையாகத்தான் கிடந்தது. உண்மையில் எனக்கு வைத்தியத்தில் ஆசையே இல்லை. அண்ணா லீவில் வந்து இறங்கினால் வீட்டில் எல்லாரும் எழும்பி நிற்பார்களே, அதில்தான் ஆசை. அவருக்கு அது சொந்த விருப்பம். சின்ன வயதிலேயே செத்த ஓணானைக் கொண்டுவந்து பிளேட்டால் கீறிப் பார்த்தவர். பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவன் நான். அப்போதே விளங்கியிருக்க வேணும்.

காத்தான்குடி தாண்டி, கல்லடிப் பாலத்தால் டவுனுக்கு ரியூசன். வழியில் விபுலானந்த அடிகளின் சமாதி. பேச்சுப்போட்டிக்கென்று அவரைப் பாடமாக்கி வைத்திருந்தேன், 1892, காரைதீவு, விஞ்ஞானப் பட்டம், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் என்று மூச்சுவிடாமல் வரும். ஆனால் விஞ்ஞானம் படித்து அதிபராக இருந்த மனுஷன் துறவியாகி, வாசித்துக் காட்ட ஒருத்தர்கூட மிஞ்சாத யாழ் என்ற கருவியைப் பழைய பாட்டுகளுக்குள் தேடிக் கணக்குப் போட்டுக்கொண்டு வருஷக்கணக்காக இருந்தாரே, அந்த ஆசை யாரைப் பார்த்து வந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. பார்க்க ஆளே இல்லை. அதைப்பற்றி அவர் எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது, அதே வருஷம் அவரும் போய்விட்டார். அந்த இடத்தில் பஸ்ஸுக்கு விலகி சைக்கிளை மிதித்ததுதான் எனக்கு ஞாபகம்.

ஏ.எல். இரண்டு தரம் எழுதியும் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி போதவில்லை. கொஞ்ச நாள் மாமாவோடு நில் என்று அம்மா வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரைக்கு அனுப்பிவிட்டார். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது பெரிய பாடில்லை. மாமாவிடம் எருமைப் பட்டி. மூன்றாம் நாள் விடிய நாலு மணிக்கு அலாரம் இல்லாமல் எழும்பிவிட்டேன்; ஏ.எல். படித்த காலத்தில் ஒரு நாள்கூட அப்படி எழும்பினதில்லை.

பாலைக் காய்ச்சி இறக்கி, ஆறவிட்டு, சின்னி விரலை விட்டுப் பார்க்க வேணும். சூடு தெரியவும் வேணும், விரலை எடுக்கச் சொல்லவும் கூடாது. அந்தப் பதத்தில் உறையைக் கலந்து சட்டிகளில் ஊற்றி அசைக்காமல் வைத்தால் விடியக் கத்தியால் வெட்டலாம். முந்தினால் திரையும், பிந்தினால் உறையாது. அந்த விரல் எனக்குப் பிடிபட ஒரு மாதம் எடுத்தது, அந்த மாதம் எப்படிப் போனதென்றே தெரியாது.

சரி, என் பாதை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எங்கே! கொழும்பு சுப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கப்பில் தயிர் விற்கிறார்கள் என்று கண்டுவிட்டு நானும் ஐந்நூறு கப் வாங்கி, லேபலும் அடித்தேன். தயிர் தளதளவென்று, மேலே தண்ணீர் மிதந்தது. மாமா கப்பைச் சரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சட்டி குடிக்கிற தண்ணிய இதில ஆர் மருமோன் குடிக்கிற?"

மண்சட்டி ஈரத்தை உறிஞ்சுவதால்தான் எங்கள் தயிர் அவ்வளவு கட்டி. ஒரு மாதமாகச் சட்டியைத் தூக்கித் திரிந்தவனுக்கு அது தெரியவில்லை, கண் முழுக்க அடுத்தவனின் கப்பில் இருந்ததால். மிச்சக் கப்புகளில் அம்மா இப்போது மிளகாய்த்தூள் போட்டு வைக்கிறார். சட்டி பாரம், வழியில் உடையும், தூர இடத்துக்கு அனுப்ப ஏலாது. எனவே தூர இடத்துக்கு அனுப்புவதில்லை. அண்ணா வந்தால் இரண்டு சட்டி கொண்டுபோவார், அவருக்குக் காசு வாங்குவதில்லை.

போன கிழமை சித்தப்பாவின் மகன் வந்தான். ஏ.எல். வேணாமாம், அவனும் தயிர் போடப் போகிறானாம். ஏன்டா என்றேன். "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க அண்ணா?" என்றான். நாளைக்கு நாலு மணிக்குப் பட்டிக்கு வா என்று சொல்லிவிட்டேன்.

ஆறரைக்கு வந்தான், பால் காய்ச்சி இறக்கியாகிவிட்டது.