ரிக்‌ஷா ஓட்டிய எழுத்தாளர்

விடாமுயற்சி என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருபவர் வங்க எழுத்தாளர் மனோரஞ்சன் பியாபாரி. கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த தலித் குடும்பம், முகாம் வாழ்க்கை, பசி, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத சிறுவயது. அப்புறம் நக்சல் தொடர்பு, சிறை. அந்தச் சிறையில்தான், இருபது வயதைத் தாண்டிய பிறகு, கூட இருந்த ஒரு கைதி தரையில் குச்சியால் எழுதிக்காட்ட, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார்.

வெளியே வந்து கல்கத்தா ஜாதவ்பூரில் ரிக்‌ஷா. சவாரி இல்லாத நேரமெல்லாம் புத்தகம். ஒருநாள் வண்டியில் ஏறிய ஒரு பெண்மணியைப் பார்த்தால் படித்தவராகத் தெரிய, ‘ஜிஜீவிஷா’ என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். வாழவேண்டும் என்கிற வேட்கை என்று விளக்கிய அவர், என் பத்திரிகைக்கு உன் வாழ்க்கையை எழுது என்று சொல்லி முகவரியும் கொடுத்தார். யாரென்று பார்த்தால் புகழ்பெற்ற வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி! 1981-இல் அந்த அம்மாவின் ‘பர்த்திகா’ இதழில் பியாபாரியின் எழுத்து அச்சேறியது.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள், அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பிறகும் அவர் வருடக்கணக்கில் காதுகேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சமையல்காரர். பெரிய பெரிய பாத்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, கிடைத்த நேரத்தில் எழுதினார். தன்வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2018-இல் தி இந்து பரிசு கிடைத்தபோதுகூட அதே சமையல் வேலைதான். 2021-இல் மேற்கு வங்கத்தின் பலாகர் தொகுதி எம்.எல்.ஏ. ஆனார். எனக்கு அந்தப் பரிசையும் பதவியையும் விட, யாரும் கண்டுகொள்ளாத அந்தச் சமையலறை வருடங்கள்தான் பெரிது.