வன்னி வெய்யிலில் கராச் நிலத்துக்கு எப்பொக்சி பூசிய அனுபவம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என் கராச். மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும்தான் கூடுதலாக வரும். அறுவடைக் காலத்தில் லாண்ட்மாஸ்டர் என்கிற இரு சக்கர உழவு இயந்திரங்களும் வரிசையில் நிற்கும். 20 அடிக்கு 24 அடி கொட்டகை, மேலே தகரம், கீழே வெறும் சீமெந்து நிலம். பத்து வருடமாக ஒயிலும் கிறீசும் ஊறி அந்த நிலம் கறுத்துப்போயிருந்தது. கூட்டக் கூட்டச் சீமெந்துத் தூள் வந்துகொண்டே இருந்தது. இயந்திரத்தைப் பிரித்துப் போடுகிற இடத்தில் தூள் பறந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதற்கு முன்னர் ஒருமுறை கடையில் விற்கும் சாதாரண நிலப் பெயின்றை வாங்கி நாங்களே பூசினோம். இரண்டு மாதம் தாங்கவில்லை. வவுனியாவிலிருந்து நேரே ஓடி வந்த ஓட்டோ ஒன்றைப் பின்னேரம் வரை உள்ளே விட்டிருந்தோம். வெளியே தள்ளியபோது மூன்று ரயருக்கு அடியிலும் பெயின்ற் உரிந்து ரயரோடு போய்விட்டது. தார் வீதியில் ஓடி வந்த ரயரின் சூடு பெயின்றை இளக்கும், ரயர் ஆறும்போது அதைக் கவ்விப் பிடிக்கும். ஓடி வந்த வண்டி நிற்கும் இடமெல்லாம் இதுதான் நடக்கும். குளிர் நாட்டில் தாங்குகிற பூச்சு இங்கே தாங்கும் என்று நம்பக் கூடாது.

எப்பொக்சி, அதாவது இரண்டு பகுதியைக் கலந்து பூச, இறுகிக் கெட்டியாகிற பூச்சு, அதைப் போடுவது என்று முடிவெடுத்ததும் கொழும்பிலிருந்து வந்து செய்து தருபவர்களிடம் விலை கேட்டேன். சதுர அடிக்கு 450 ரூபாய் என்றார்கள். 480 சதுர அடிக்கு 2,16,000 ரூபாய். வந்து போகிற செலவும் தங்குமிடமும் வேறு. அந்தக் காசு என்னிடம் இல்லை. எங்கள் ஒழுங்கையில் கட்டாரில் எட்டு வருடம் நிலப் பூச்சு வேலை செய்துவிட்டு வந்த அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். பெயின்றைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. குந்தியிருந்து ஒரு சிரட்டைத் தண்ணீரை நிலத்தில் ஊற்றினார். தண்ணீர் ஊறாமல் முத்து முத்தாக நின்றது. "தம்பி, ஒயில் இன்னும் உள்ளுக்குக் கிடக்கு. இதுக்கு மேலை எதைப் பூசினாலும் நிக்காது" என்றார்.

அது மாசி மாதம், மாரி முடிந்து கொஞ்ச நாள்தான். ஈரத்தையும் பார்க்கச் சொன்னார். ஒன்றரை அடிச் சதுரமாகப் பொலித்தீன் வெட்டி, நாலு விளிம்பிலும் ரேப் ஒட்டி, ஓர் இரவும் பகலும் விட்டேன். திறந்தபோது உள்பக்கம் வேர்த்திருந்தது. கொங்கிறீட் போட்ட காலத்தில் அடியில் பொலித்தீன் விரிக்கவில்லை, அதனால் மண்ணின் ஈரம் மேலே ஏறுகிறது. புதிதாக நிலம் போடப்போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: அடியில் தடித்த பொலித்தீன் விரியுங்கள், கொங்கிறீட் போட்டு 28 நாளாவது கழியாமல் பூச்சைத் தொடாதீர்கள். நான் சித்திரை வரை காத்திருந்தேன். திரும்பச் சோதித்தபோது பொலித்தீன் காய்ந்திருந்தது.

நிலத்தைத் தயார் செய்ததுதான் உண்மையான வேலை. ஒயில் கறையில் கழுவும் திரவத்தை ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்து, கழுவி, திரும்ப ஊற்றி, மூன்று முறை செய்தோம். அசிட் ஊற்றி நிலத்தைச் சொரசொரப்பாக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒயில் ஊறிய இடத்தில் அசிட் பிடிக்காது என்று அண்ணை தடுத்துவிட்டார். கிறைண்டர் வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் தேய்த்தோம். கறுப்புத் தோல் போய், அடியில் சாம்பல் நிறக் கொங்கிறீட்டும் சின்னச் சின்னக் கல்லும் தெரிந்தன. கிறைண்டர் போகாத மூலைகளில் மட்டும் அசிட் பாவித்தோம். அசிட்டைத் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும், தண்ணீரை அசிட்டுக்குள் ஊற்றக் கூடாது. பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி அசிட்டை முறிக்க வேண்டும். தேய்க்கும்போது கிளம்பும் தூள் நெஞ்சுக்கு மிகக் கெடுதல், சீலையைக் கட்டிக்கொண்டு சமாளிக்காதீர்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள்.

முடிந்ததும் அண்ணை திரும்பவும் சிரட்டையில் தண்ணீர் ஊற்றினார். நிலம் ஒரே இழுப்பில் குடித்தது. சரி, இனிப் பூசலாம் என்றார்.

அவர் ஒரு அலுவலாக முல்லைத்தீவு போயிருந்த நாள் அவசரப்பட்டேன். காலை பதினொரு மணிக்கு ஒரு முழு ரின்னையும் கடினமாக்கியோடு சேர்த்து வாளியில் கலக்கி, வாசல் பக்கத்து மூலையில் பூசத் தொடங்கினேன். கலவை 25 பாகைச் சூட்டில் 40 நிமிடம் இறுகாமல் நிற்கும் என்று ரின்னோடு வந்த தாளில் போட்டிருந்தது. சித்திரை வெய்யிலில், தகரத்துக்குக் கீழே, கால் மணித்தியாலம் கூட நிற்கவில்லை. வாளியைப் பிடிக்க முடியாமல் சுட்டது, மெல்லிய புகை வந்தது, ரோலர் உள்ளேயே இறுகிவிட்டது. பூசிய துண்டில் ஊசி குத்தியது போல நூற்றுக்கணக்கான கொப்புளங்கள். 7,000 ரூபாய் அந்த வாளியோடு போனது. பூசியதைத் திரும்பத் தேய்த்து எடுக்க அரை நாள்.

பின்னேரம் வந்த அண்ணை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வெய்யில் ஏறேக்கை நிலம் மூச்சு விடும். அந்தக் காத்துத்தான் கொப்புளம். வெய்யில் இறங்கேக்கை நிலம் மூச்சை உள்ளுக்கு இழுக்கும், அப்ப பூசினால் பூச்சையும் சேர்த்து இழுக்கும்." இந்த ஊரில் இந்த வேலைக்கு இறங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். விடியற்காலை குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் அப்போது நிலம் சூடேறத் தொடங்குகிற நேரம், அதுவும் சரிவராது. வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி நிலத்தை அளந்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு வாசல் பக்கம் 47 பாகை. இரவு எட்டு மணிக்கு உள்ளே 31. எட்டு மணிக்குத்தான் தொடங்கினோம்.

இரண்டாவது மாற்றம், சின்னச் சின்னதாகக் கலக்கியது. தராசில் நிறுத்து ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ மட்டும். இரண்டு பகுதியின் விகிதத்தையும் கண்ணால் மட்டிடக் கூடாது. கலக்கியதும் வாளியில் வைத்திருக்காமல் நிலத்தில் நீளக் கோடாக ஊற்றிவிட வேண்டும். குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே வேகும், பரந்தால் ஆறும். ஒருவர் கலக்க, ஒருவர் றப்பர் பட்டையால் இழுக்க, ஒருவர் ரோலர் போட, மூன்று பேர் இல்லாமல் இந்த வேலை இல்லை. மச்சான்மார் இருவரும் வந்து நின்றார்கள்.

இரவில் பூசும்போது வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். முதல் இரவு பிரைமரில், அதாவது அடிப்பூச்சில், விட்டில்கள் விழுந்து விழுந்து ஒட்டின. ஒன்றை எடுக்கப் போனால் பூச்சில் விரல் அடையாளம் விழும். அடுத்த இரவு பெரிய மின்குமிழை வளவின் வேலியோரம் கட்டி எரியவிட்டு, கொட்டகையின் திறந்த பக்கங்களைப் படங்காலும் பழைய நுளம்பு வலையாலும் மூடினோம். உள்ளே சின்ன வெளிச்சம் மட்டும். பூச்சியெல்லாம் வேலியோரம் போய்விட்டது. படங்கு தூசியையும் மறித்தது. வைகாசி கடந்து சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியிருந்தால் செம்மண் தூசியை எந்தப் படங்கும் மறித்திராது. மாரிக்கும் சோளகத்துக்கும் நடுவில் கிடைக்கிற இந்த இடைவெளியை விட்டால் நல்ல நாள் கிடைப்பது கஷ்டம். சித்திரையில் பின்னேர இடி மழையும் உண்டு. ஒரு நாள் மழைக் குணம் கண்டு வேலையையே நிறுத்தினோம். ஈரக் காற்றில் இறுகினால் பூச்சின் மேல் மெழுகு போல ஒரு படை வரும், அதற்கு மேல் அடுத்த பூச்சு ஒட்டாது.

பிரைமர் ஓர் இரவு, நிறப் பூச்சு இரண்டு இரவு. முதல் நிறப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கழுவிக் காயவைத்துச் சலித்த மணலைத் தூவினோம். ஒயில் சிந்துகிற இடத்தில் மினுங்கும் நிலம் வழுக்கும். அடுத்த நாள் ஒட்டாத மணலைக் கூட்டி எடுத்துவிட்டு மேல் பூச்சைப் போட்டோம். ஒரு நாளில் நடக்கலாம். வண்டி ஏற்ற ஏழு நாள் பொறுத்தேன். வாடிக்கையாளர்கள் வந்து கேட்டபோதும் ஏற்றவில்லை.

செலவு இப்படிப் போனது: கிறைண்டரும் ஆளும் இரண்டு நாளுக்கு 28,000. கழுவும் திரவம், அசிட், வெடிப்பு அடைக்கும் புட்டி 11,000. பிரைமரும் நிறப் பூச்சும் 86,000. ரோலர், கையுறை, முகக்கவசம் முதலானவை 9,000. வீணான ரின் 7,000. எல்லாமாக 1,41,000 ரூபாய், சதுர அடிக்கு 300க்குக் கொஞ்சம் குறைவு. இது 2024 சித்திரை விலை. மச்சான்மார் கூலி வாங்கவில்லை, சாப்பாடுதான். அண்ணை எவ்வளவு கொடுத்தும் வாங்கவில்லை. கராச் பதினைந்து நாள் பூட்டியிருந்த இழப்பை இதில் சேர்க்கவில்லை. நீங்கள் கணக்குப் பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு மாரி கழிந்துவிட்டது. ரயர் ஒன்றும் உரிக்கவில்லை. ஒயில் சிந்தினால் துணியால் ஒரு துடைப்பு. சின்ன நட்டு கையிலிருந்து விழுந்தால் வெளிர் சாம்பல் நிலத்தில் உடனே தெரிகிறது, முன்னர் அரை மணித்தியாலம் தேடுவோம். வாசல் பக்கம் நாலடி மட்டும் மஞ்சளடித்து மங்கிவிட்டது. எப்பொக்சி நேர் வெய்யிலைத் தாங்காது, அந்த இடத்துக்கு வெய்யில் தாங்கும் பொலியூரத்தேன் மேல் பூச்சு வேண்டும் என்று அண்ணை அப்போதே சொன்னவர். கையில் காசு இல்லாததால் பிறகு பார்ப்போம் என்று விட்டேன். 80 சதுர அடிக்கு 18,000 ரூபாய் கணக்கு வந்தது. ரின் வாங்கி வைத்துவிட்டேன். வருகிற சித்திரையில், வெய்யில் இறங்கிய பிறகு, மேலால் லேசாகத் தேய்த்துவிட்டுப் பூச வேண்டும்.