அரைப் பல் தள்ளி

அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அடியோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. "தோசை வேணுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள், நானும் சுவருக்கே பதில் சொன்னேன். காரணம், இந்த வருஷத்தின் மூன்றாவது வரன். தட்டிப்போயிருந்தால்கூட அம்மா தாங்கிக்கொள்வாள், முன்னனுபவம் உண்டு. இது தட்டியும் போகவில்லை. வீட்டோடு ஒட்டிக்கொண்டது, என்னோடு மட்டும் ஒட்டவில்லை.

எங்கள் ஊர் மலை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். கல்லாறு தாண்டி குன்னூர் வரை இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சும் அப்படித்தான். அம்மா பின்னால் நின்று புகை விட்டுக்கொண்டு தள்ளுவாள். நான் முதல் பெட்டி. எதிரே என்ன வருகிறது என்று பார்த்துக் கொடி காட்டுவது என் வேலை. ஆனால் பச்சைக் கொடியைத் தவிர வேறு கொடி எதையும் கையில் கொடுப்பதில்லை. அந்த ரயிலின் பெட்டி முகப்பில் நின்று கொடி காட்டும் பிரேக்ஸ்மேனாக முப்பது வருஷம் ஓட்டிய மாமாவுக்குத் தங்கையாகப் பிறந்தவளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதாக ஏற்பாடு. பஜ்ஜி, சொஜ்ஜி, பாட்டுப் பாடச் சொல்வது எதுவும் வேண்டாம், ரெண்டு பேரும் வெளியே பேசிப் பார்க்கட்டும் என்று அவருடைய அக்கா சொல்லிவிட்டார். நல்ல மனுஷி. சனிக்கிழமை ராத்திரி கொட்டிய ஐப்பசி மழையில் ஹில்குரோவ் பக்கம் மண் சரிந்து ரயில் ரத்து. ஆகவே கோயமுத்தூர்க்காரர் பர்லியார் வழியாகப் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றையும் வயிற்றால் எண்ணிக்கொண்டு வந்து இறங்கினார். முகம் பச்சைத் தேயிலை நிறம். கையில் ஓர் எலுமிச்சம்பழம். மந்திரியைப் பார்க்க வருகிறவர்கள் கொடுப்பார்களே, அந்த மாதிரி எனக்குத்தான் என்று நினைத்து நானும் கையை நீட்டிவிட்டேன். அவர் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, மனசில்லாமல் கொடுத்தார். வாங்கி, பார்த்து, திருப்பிக் கொடுத்தேன். எங்கள் முதல் பரிமாற்றம் இது.

குன்னூரில் 'வெளியே' என்றால் சிம்ஸ் பூங்காதான். 1874 முதல் இருக்கிறது. அந்தப் படிகளில் இறங்கும்போது இறங்குவோம், ஏறும்போது வாழ்க்கை வெறுத்துவிடும். மழை ஈரத்தில் காலியாக இருந்த ஒரே ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தோம். அரை மணி நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தேன். உருத்திராட்ச மரம். வரன் பார்க்க வந்தவரை உருத்திராட்ச மரத்தடியில் உட்காரவைத்த ஒரே பெண் நீலகிரி மாவட்டத்திலேயே நானாகத்தான் இருக்கும்.

பேச்சு என்ன ஆயிற்று என்கிறீர்களா?

"உங்களுக்கு மழை பிடிக்குங்களா?"

"துணி காயாதுங்க."

"ஆமாங்க, அது வேற."

மூன்று நிமிஷ மௌனம். அப்புறம் என் முறை. "உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"குறிப்பா சொல்ற மாதிரி எதுவும் இல்லைங்க." பம்ப் கம்பெனியில் வேலை என்றார். நான், "ஓ, பம்ப்" என்றேன். பம்பைப் பற்றி மேலே என்ன கேட்பது? தண்ணீர் வருமா என்றா?

நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார், நடைபாதையில் கிடந்த பிஸ்கட் உறையைப் பொறுக்கித் தொட்டியில் போட்டார். ஒரு குறை சொல்ல வாய்க்கவில்லை. அப்போது புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்து போட்டோ எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துக் கொடுத்தோம். பதிலுக்கு அந்தப் பெண், "அக்கா, நீங்களும் நில்லுங்க" என்று எங்களையும் நிறுத்தி எடுத்தாள். அந்தப் படத்தைப் பார்த்தால் கூட்டுறவு சங்கத் தேர்தலில் எதிரெதிர் அணியில் நிற்பவர்கள் மாதிரி இருக்கிறோம். நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. பூந்தொட்டி நின்றது.

'ஸ்பார்க் இருந்துச்சாடி?' என்று என் தோழி நடுவிலேயே மெசேஜ் போட்டாள். ஐப்பசியில் குன்னூரில் தீக்குச்சியே பற்றாது. இவள் ஸ்பார்க் கேட்கிறாள்.

டீ குடிக்க வீட்டுக்கு நடந்தோம். எங்கள் சந்து முனையில் திரும்பினால், டீச்சரம்மா வீட்டு மேரக்காய்ப் பந்தலைச் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டு காட்டுமாடு. அதே ஒற்றைக் கொம்பு தேய்ந்த கிழம்தான். வளர்ந்த காட்டுமாடு ஆயிரம் கிலோவைத் தொடும் என்பார்கள், எங்கள் சந்தின் அகலமும் அதனுடைய அகலமும் ஏறக்குறைய ஒன்று. அது தலையைத் தூக்கி ஒரு 'ப்ர்ர்' விட்டது.

இந்த மாதிரி இடத்தில் சினிமாவில் என்ன நடக்கும்? அவன் அவள் கையைப் பிடித்து இழுப்பான், அவள் அவன் தோளில் சாய்வாள், பின்னால் வயலின் வாசிப்பார்கள். இங்கே அவர் கீழ்ப்பக்கம் ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டார். நான் மேல்பக்கம் ஓடி டீச்சரம்மா வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாளும் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான், 'அட, ஒருத்தர் கூட வந்தாரே' என்று ஞாபகம் வந்தது. யார் முதலில் ஓடியது என்பதற்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. காட்டுமாடு ஒன்றுதான் சாட்சி, அது மேரக்காயில் மும்முரமாக இருந்தது.

போன் அடித்தது.

"சேஃபா இருக்கீங்களா?"

"இருக்கேங்க. நீங்க?"

"நானும்."

"சரிங்க."

"சரிங்க."

கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், தொட்டிக்கு அந்தப் பக்கம் அவர், நடுவில் அசை போடும் சத்தம். மனசுக்குள் ஏதாவது படபடக்கிறதா என்று கவனித்துப் பார்த்தேன். டீச்சரம்மாவுக்கு மேரக்காய்க்கு யார் பதில் சொல்வது என்ற கவலை மட்டும் இருந்தது. "பேட்டரி கம்மியா இருக்குங்க, வெச்சிரட்டுமா?" என்றார். ரொம்ப நிம்மதியாக, "வெச்சிருங்க" என்றேன்.

இருபது நிமிஷம் கழித்து மாமா குடையோடு வந்தார். "போ சாமி, நேரமாச்சு, போ" என்று அதனிடம் தன்மையாகச் சொன்னார். முப்பது வருஷம் பெட்டி முகப்பில் நின்று தண்டவாளத்தில் யானையைப் பார்த்தவர். காட்டுமாடு யோசித்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கியது. மாமா தொட்டிக்குப் பின்னால் இருந்தவரைக் குடைக்குள் சேர்த்துக்கொண்டு, "வாங்க தம்பி" என்று நடக்கத் தொடங்கினார். நான் கேட்டுக்குள்ளேயே நின்றேன். தாழ்ப்பாள் வேறு துருப்பிடித்து மாட்டிக்கொண்டது. அதை இழுத்துப் போராடி வீடு வந்து சேர்வதற்குள் மாமாவும் தம்பியும் இரண்டாவது டீயில் இருந்தார்கள்.

தம்பி எங்கள் ஊர் வர்க்கி பிஸ்கட்டை டீயில் நனைக்காமல் கடித்துச் சட்டையெல்லாம் உதிர்த்துக்கொண்டிருந்தார். மீசையில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து எனக்குத் தோன்றியது, ஈ வரும்.

மாமா மலை ரயில் புராணத்தை ஆரம்பித்துவிட்டிருந்தார். 1899இல் குன்னூர், 1908இல் ஊட்டி, சுவிட்சர்லாந்து இன்ஜின், ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம், இன்ஜின் தன் பல்சக்கரத்தால் பிடித்து ஏறும் பல் தண்டவாளம். எங்கள் வீட்டில் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்போம், அதனால் யாரும் கேட்பதில்லை. அத்தை போன பிறகு மாமாவும் பாதியிலேயே நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டார். "சரி விடு, அப்புறம் சொல்றேன்" என்பார்.

இவர் விடவில்லை. "நடுவுல இருக்கிற பல் தண்டவாளம் ஏன் ரெண்டுங்க? ஒண்ணு போதாதா?" என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பூங்காவில் மழையைப் பற்றிப் பேசியவர்தானா இவர்? பம்புக்குள் பல்சக்கரம் இருக்குமாம். கம்பெனியில் அதுதான் இவருடைய வேலையாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

மாமா எழுந்து போனார். அத்தை படத்துக்குப் பின்னாலிருந்து அத்தையின் மரச்சீப்பை எடுத்தார். எட்டு வருஷமாகத் தூசி தட்டக்கூட யாரையும் தொடவிடாத சீப்பு. தன் சட்டைப்பை சீப்பையும் எடுத்து இரண்டையும் டீப்பாய் மேல் பக்கத்தில் பக்கத்தில் பல் மேலே பார்க்க நிறுத்தினார். ஒன்றை மட்டும் லேசாக முன்னால் நகர்த்தினார்.

"பாருங்க தம்பி. ரெண்டும் நேருக்கு நேரா இல்லை. அரைப் பல் தள்ளி இருக்கு. இது விடறப்ப அது பிடிச்சிருக்கும். அது விடறப்ப இது."

"ரெண்டும் ஒரே நேரத்துல விட்டா?"

"விடாது. அதுக்குத்தானே தள்ளி வெச்சிருக்கான்."

ஆள்காட்டி விரலை உருட்டி உருட்டி ஒவ்வொரு பல்லாக ஏற்றிக் காட்டினார். இவரும் தன் விரலை வைத்து உருட்டினார். அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் சீப்பின் கடைசிப் பல்லைத் தாண்டியதும் மாமா, "குன்னூர்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

புதன்கிழமை மெசேஜ் வந்தது. 'உங்க வீட்ல எல்லாரையும் ரொம்பப் பிடிச்சிருக்குங்க. நம்ம ரெண்டு பேருக்கும் செட் ஆகும்னு தோணலை. உங்களுக்கும் அப்படித்தான்னு நினைக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க.' இதே விஷயத்தை மனம் நோகாமல் சொல்ல நான் மூன்று நாளாக ஒரு வாக்கியம் செதுக்கி வைத்திருந்தேன். வீண். கட்டைவிரல் போட்டு அனுப்பினேன். அடுத்த நிமிஷமே இன்னொன்று. 'மாமா நம்பர் கிடைக்குங்களா?'

அம்மா அதில்தான் சுவரோடு பேச ஆரம்பித்தாள். வந்தவரை மாமாவுக்குப் பிடித்திருக்கிறது, மாமாவை அவருக்குப் பிடித்திருக்கிறது, நடுவில் எனக்கு மட்டும் என்ன கேடு என்று கேள்வி. "அப்போ மாமாவுக்கே முடிச்சிரு" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அதோடு தோசையும் நின்றது.

தண்டவாளத்தைச் சரிசெய்து ரயில் விட்டுவிட்டார்களாம். வர்ற ஞாயிறு தம்பி அதிலேயே வருகிறார், இரண்டு பேரும் குன்னூர் ஷெட்டுக்கு இன்ஜின் பார்க்கப் போகிறார்கள். மாமா வியாழக்கிழமையே சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்து வெயில் வருமா என்று வானத்தைப் பார்க்கிறார். சீப்பு இரண்டும் இன்னும் டீப்பாய் மேலேயே நிற்கின்றன, டீ டம்ளரை வைக்க இடம் இல்லை. என்னிடம் நூறு ரூபாயைக் கொடுத்து, "கண்ணு, வர்க்கி சூடா இருக்கிறப்பவே போய் வாங்கிட்டு வந்துரு, தம்பிக்கு" என்றார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, இந்த மழையில், பேக்கரி வாசலில் நான்தான் நிற்க வேண்டும். அவருக்கு அதை நனைத்துச் சாப்பிடக்கூடத் தெரியாது.